குகை அச்சகத்தில் அடித்த நூறு கார்டு

சேலம் குகையில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. அங்கே என் நோயைப் பற்றிச் சொல்லும் நூறு கார்டு அடித்தேன், மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி அண்ணன் கேட்டுக்கொண்டார். முகூர்த்த மாதங்களில் பத்திரிகை வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, இன்னும் கூட்டம் சேர்ந்தால் வேலை சுத்தமாக இருக்காது என்றார், அதுவும் நியாயம்தான். பெயர் இல்லாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் எந்த அச்சகத்தில் இப்படி ஒரு கார்டு அடிக்கப் போனாலும் உதவுகிற விஷயம் இதில் இருக்கிறது.

கார்டு எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்ற நரம்பு நோய், சுருக்கமாக எம்.எஸ்., இருக்கிறது. 2016 ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போயிருந்தபோது இடது கண்ணில் ஆரம்பித்தது. கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் சிவப்புச் சேலை, மஞ்சள் சேலை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சிவப்பு மட்டும் நூறு தடவை துவைத்த துணி மாதிரி வெளிறித் தெரிந்தது. கண் தானாகத் தெளிந்தது, எட்டு மாதம் கழித்துக் கால் மரத்தது, அப்புறம் ஸ்கேன், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது, கடைசியில் ஒரு பெயர் கிடைத்தது. இப்போது வயது 41. ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வேலை பார்க்க முடிகிறது. படி ஏறினால் இடது கால் இழுக்கும், வெயிலில் நின்றால் நடை தள்ளாடும், ரொம்பக் களைத்துவிட்டால் பேச்சும் குழறும்.

தள்ளாட்டமும் குழறலும் சேர்ந்து ஓர் ஆம்பளையிடம் வந்தால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த ஏப்ரலில், மத்தியானம் மூன்று மணிக்கு, பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்தேன், கை நழுவிவிட்டது. "பட்டப்பகல்லயே போட்டுட்டு வந்துடறானுங்க, எறங்குய்யா" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். அப்படி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சொல் உருண்டு உருண்டு வந்தது, அவர் சொன்னதுக்கு நானே சாட்சி சொன்னது போல ஆகிவிட்டது. முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா தன் பெண் குழந்தையைச் சட்டென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் மகளுக்கும் அந்த வயதுதான். கீழே இறங்கி ஒரு பழக்கடை நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் வாய் திறக்காமலே என்னைப் பற்றிச் சொல்ல ஏதாவது ஒன்று சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது.

சரி, கார்டு அடிக்கலாம். அதில் என்ன எழுதுவது? அச்சடிக்க மூன்று நாள் ஆனது. எழுத நாலு மாதம் ஆனது.

முதல் தடவை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன வாசகம் இது: "நான் மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்னும் கொடிய நரம்பு நோயால் பாதிக்கப்பட்டவன். தயவுசெய்து உதவி செய்யவும்." அண்ணன் கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. பஸ்ல மடியில வெச்சுட்டுப் போவாங்க பாருங்க ஒரு சீட்டு, அதெல்லாம் நாமளும் அடிச்சிருக்கறோம். இது அதே வாசகமுங்க." அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய மாதிரிகளின் கட்டை எடுத்துப் பிரித்து ஒரு மஞ்சள் சீட்டைக் காட்டினார். கொடிய, பாதிக்கப்பட்ட, தயவுசெய்து, மூன்று சொல்லும் அதே வரிசையில் இருந்தன. "அவங்களுக்கு அது வேணும், அவங்க காசு கேக்கறாங்க. நீங்க என்னங்க கேக்கறீங்க?"

ஒன்பது வருடத்தில் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. உட்கார ஒரு இடம் கேட்கிறேன். ஐந்து நிமிடம் கேட்கிறேன். என்னைக் குடிகாரன் என்று நினைக்காமல் இருக்கக் கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் 'பாதிக்கப்பட்டவன்' எதற்கு? நம் செய்தித்தாள்களில் எந்த நோய் வந்தாலும் கூடவே இந்தச் சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும், புயலில் பாதிக்கப்பட்டவர், மோசடியில் பாதிக்கப்பட்டவர், புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர் என்று. புயல் ஒரு நாளில் போய்விடுகிறது. என் உடம்பில் இருப்பது போகாது, அதற்காக இருபத்து நாலு மணி நேரமும் நான் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிய முடியாது. காலையில் மகளை ஸ்கூலில் விடும்போதும், மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும்போதும் நான் அப்படி ஒன்றும் உணர்வதில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். வெறும் 'எம்.எஸ்.' என்று போட்டால் யாருக்கும் புரியாது. அண்ணனே, "எம்.எஸ்.ன்னா இரும்புக் கடையில கம்பிக்குச் சொல்றதுங்களா?" என்றார். இரும்பாலை இருக்கிற ஊர், எம்.எஸ். பைப், எம்.எஸ். ராடு என்று கேட்டே பழகிய காது. இன்னொருவர் என்னிடம் அறுவைச் சிகிச்சைப் படிப்பு படித்தவரா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். தமிழில் போடலாம் என்றால் இரண்டு பெயர் பார்த்திருக்கிறேன். ஒன்று 'தண்டுவட மரப்பு நோய்'. இன்னொன்று மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுப் பட்டியலின் தமிழில் வருகிற 'திசு பன்முகக் கடினமாதல்'. இரண்டாவது ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. அதற்கு மூலம் பிரெஞ்சு. பாரிஸில் சார்க்கோ என்ற மருத்துவர் 1868-இல் இந்த நோயைத் தனியாகப் பிரித்து விவரித்தபோது, இறந்தவர்களின் மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தடித்து இறுகிப்போன திட்டுகளைப் பார்த்து அந்தத் திட்டுகளின் பெயரையே நோய்க்கு வைத்தார். மருத்துவருக்கு அது பொருத்தமான பெயராக இருக்கலாம். ஆனால் மூன்று மணி வெயிலில் பஸ்ஸுக்குள் நிற்கிற கண்டக்டர் 'திசு பன்முகக் கடினமாதல்' என்பதைப் படித்து என்ன செய்வார்?

'மரப்பு' எனக்குப் பிடித்த சொல். மரத்துப்போவது என்றால் என்ன என்று எந்தப் பாட்டிக்கும் தெரியும். குறை என்னவென்றால் தண்டுவடம் மட்டும் இல்லை, மூளை, கண் நரம்பு எல்லாவற்றிலும் வரும். எனக்கு ஆரம்பித்ததே கண்ணில்தானே. அண்ணனுக்கு இதை விளக்கும்போது அவர் கடையில் இருந்த கட்டிங் மெஷின் வயரைத்தான் காட்டினேன், மூன்று இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நரம்புக்கு மேலே இப்படி ஓர் உறை இருக்கிறது, கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் அந்த உறையை அரிக்கிறது, ஆறும்போது இந்த டேப் மாதிரி அங்கங்கே தடிப்பு விழுகிறது, அந்த இடத்தில் கரண்ட் திக்கித் திக்கிப் போகிறது. அவர் வயரைத் தொட்டுப் பார்த்து, "சூடானா இதுவும்தான் மக்கர் பண்ணும்" என்றார். நான் அசந்துபோனேன். எங்களுக்கும் அதேதான். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினால்கூடச் சிலருக்குப் பார்வை மங்கும், கால் பின்னும், குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-இல் இதை எழுதிவைத்தார், இன்றைக்கும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் உட்காருகிற தங்கை இன்னொரு பிரச்சினையைக் கண்டுபிடித்தாள். கடையில் பழைய பாமினி எழுத்துருவில்தான் வேலை. நான் போனில் அனுப்பிய வாசகம் அவளுடைய திரையில் கட்டம் கட்டமாக வந்தது, 'ஸ்களீரோசிஸ்' தாறுமாறாக உடைந்தது. மறுபடி கையால் அடித்துவிட்டு, "அண்ணா, இந்தப் பேரு கார்டுல பாதி இடத்த எடுத்துக்குது, உங்களப் பத்திச் சொல்ல எடமே இல்ல" என்றாள். மூன்றரைக்கு இரண்டு அங்குலம்தான் கார்டு.

வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிக்குப் போகிறேன், அங்கே எங்கள் நோய் உள்ளவர்கள் நாலு பேர். நான் ஒருவன்தான் ஆண். உலகம் முழுக்கவே பெண்களுக்குத்தான் இது அதிகம், ஆண்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாங்கள் நாலு பேரும் நாலு விதமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்பது கார்டு பேச்சு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் இருக்கிறார், அம்மாப்பேட்டை. 'எம்.எஸ். பேஷண்ட்' என்று கூச்சமே இல்லாமல் சொல்வார். அந்தச் சொல் நம்மை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே படுக்க வைத்துவிடாதா டீச்சர் என்று கேட்டேன். "முப்பது வருஷம் என்னை டீச்சர்னு சொன்னாங்க. அப்ப நான் டீச்சர் மட்டுமாப்பா? வீட்டுல சமைச்சேன், கோயிலுக்குப் போனேன், மாமியாரோட சண்டை போட்டேன். பேஷண்ட்டும் அது மாதிரி ஒண்ணுதான்." இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

24 வயதுப் பெண் ஒருத்தி, வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள். அவள் தன்னைச் சொல்லிக்கொள்வது 'வாரியர்', அதாவது போர்வீரர். மே 30 உலக எம்.எஸ். தினத்துக்கு அதை எழுதிய டீ ஷர்ட் போட்டுக்கொண்டு பிசியோவுக்கு வந்தாள். எனக்குப் போர்ப் பேச்சு பிடிப்பதில்லை. இந்த நோயில் தாக்குவது என்னுடைய உடம்பேதான், நான் யாரோடு போர் செய்வது? காலையில் எழுந்து பல் விளக்குவதையெல்லாம் வீரம் என்று சொன்னால், எழ முடியாத நாளில் தோற்றுப்போனவன் ஆகிவிடுவேனே என்ற பயமும் இருக்கிறது. அவளிடம் இதைச் சொன்னேன். "அண்ணா, எல்லாரும் என்னைப் பாவம்னு சொல்றாங்க. பாவத்துக்கு வாரியர் தேவலை" என்றாள். கல்லூரி மூன்றாம் வருடத்தில் நோய் வந்து, பேசி வைத்த கல்யாணம் நின்றுபோன பெண் அவள். அவள் வாயில் அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது அக்கா ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருவார். காப்பித் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம். கணவருக்கும் அவருக்கும் தவிர வீட்டில் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது. வெளியே கேட்டால் 'சத்துக் குறைவு' என்பார். முன்பு 'நரம்பு வீக்னஸ்' என்று சொல்லிப் பார்த்தாராம், கேட்டவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து விட்டுவிட்டார். நம் ஊரில் நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லை லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியர்களின் சுவர் விளம்பரங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. உண்மையிலேயே நரம்பில் நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சொல் கிடைக்காமல் போய்விட்டது. எனக்கு இது பெரிய வருத்தம். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும், அதனால்தான் சொல்வதில்லை என்கிறார் அக்கா. மறைக்கிறார் என்று யாரும் குறை சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு.

'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லையும் பேசினோம். கலைஞர் முதல்வராக இருந்தபோது அரசு ஏட்டில் 'ஊனமுற்றோர்' போய் இது வந்தது, அது பெரிய மாற்றம், ஊனம் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். 1995 ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்த ஏழு வகைகளில் எங்கள் நோய் இல்லை. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியபோது எம்.எஸ். பெயரோடு உள்ளே வந்தது. என்னிடம் மஞ்சள் அட்டை இருக்கிறது, குறைபாடு நாற்பது சதவீதத்திலிருந்து எண்பதுக்குள் உள்ளவர்களுக்குத் தருவது. அந்த அட்டையைக் காட்டும்போது நான் மாற்றுத்திறனாளிதான், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் சதவீதம் ஒரு நாளில் போட்டது, என் உடம்பு தினமும் மாறுகிறது. மே மாதம் சேலத்தில் மத்தியானம் ரோட்டைக் கடக்க முடியாத நான், அதே நாள் சாயங்காலம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இறங்கினால் தடி இல்லாமல் ஏரிக்கரையில் நடக்கிறேன். பார்க்கிறவர் எதை நம்புவார்? முன்னே நடந்தது நடிப்பு என்றுதான் நினைப்பார், என் சொந்தக்காரர்களே நினைத்திருக்கிறார்கள்.

இப்படி எல்லாச் சொல்லையும் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் வழி காட்டியவர் என் ஆயாதான். அவருக்குச் சர்க்கரை. யார் கேட்டாலும், "எனக்குச் சக்கர இருக்குது சாமி, காப்பிக்குச் சீனி போடாத" என்பார். அவ்வளவுதான். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கு வேலை இருக்கிறது, எனக்குச் சர்க்கரை இருக்கிறது. தமிழில் இந்த 'எனக்கு' எவ்வளவு நல்ல சொல் என்று நாற்பது வயதில்தான் தெரிந்துகொண்டேன். முதலில் நான் வருகிறேன், நோய் எனக்குப் பின்னால், என்னிடம் இருக்கிற பலவற்றில் ஒன்றாக வருகிறது. 'எம்.எஸ். நோயாளி', 'எம்.எஸ்.ஸால் பாதிக்கப்பட்ட நபர்' என்று எழுத்துத் தமிழுக்குப் போனதும் நோய் முன்னால் ஓடி வந்து நின்றுகொள்கிறது, 'நபர்' எங்கேயோ வரிக் கடைசியில் கிடக்கிறார். ஆயா வாக்கியத்திலேயே காரணமும் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது.

ஆகவே கார்டில் போட்டது: "எனக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் இருக்கிறது. வெயிலிலும் களைப்பிலும் நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்திருக்கவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்." பின்பக்கம் இரத்த வகை, மனைவியின் போன் எண், 'தொற்று நோய் அல்ல' என்ற வரி. இந்தக் கடைசி வரி மனைவி கேட்டது. 'குடித்திருக்கவில்லை' வேண்டுமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். குற்றம் சாட்டாதவரிடம் போய் நான் திருடவில்லை என்று சொல்வது போல இருந்தது. அண்ணன் அதைத் தனி வரியாகப் பெரிசாகப் போடலாம் என்றார், நான் மற்ற எழுத்து அளவிலேயே போதும் என்றேன். அந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது, அவசரத்தில் வாங்குகிறவர் கண் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

இந்தக் கடையின் அருமை எங்கே தெரிந்தது என்றால், மற்ற மூன்று பேரும் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தபோது. என் வாசகத்தையே பெயர் மாற்றி அடித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு வேலை மிச்சம். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். டீச்சர் கார்டு "நான் எம்.எஸ். பேஷண்ட். நிற்க முடியாது, உட்கார இடம் கொடுங்கள்" என்று இரண்டே வரி, எழுத்து அளவு 18 பாயிண்ட். சின்னவள் கார்டு "நான் எம்.எஸ். வாரியர். பார்க்க நன்றாக இருப்பேன், ஆனால் வரிசையில் நிற்க முடியாது." பெண்கள் சீட்டிலும் அவளை எழுப்பி விடுகிறார்களாம், சின்ன வயசுதானே என்று. ஏற்காட்டு அக்கா கார்டில் நோயின் பெயரே இல்லை: "எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. கை நடுங்கும். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்." அண்ணன் யார் சொல்லையும் திருத்தவில்லை. ஒரே ஒரு கட்டாயம்தான், அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபை வாடிக்கையாளரே சத்தமாக வாசிக்க வேண்டும். "கண்ணு தப்ப விட்டுடும், வாய் விடாதுங்க" என்பது அவர் கணக்கு. சின்னவள் 'வாரியர்' என்று வாசிக்கும்போது குரல் உடைந்தது. மாற்றிவிடலாமா பாப்பா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.

இனி வேலைத் தரம். 300 ஜிஎஸ்எம் கனத்தில் ஆர்ட் அட்டை, இரண்டு பக்கமும் அச்சு, மேட் லேமினேஷன், நூறு கார்டுக்கு 380 ரூபாய். வாசகத்தை ஏழு தடவை மாற்றியதற்குத் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. முனையை வளைத்து வெட்டிக் கொடுத்தார், சட்டைப் பையில் குத்தாது. குறை என்று பார்த்தால் மூன்று. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம். லேமினேஷன் என் வியர்வைக்குத் தாங்காமல் ஓரத்தில் உரிகிறது, முதல் மாதத்திலேயே பத்து கார்டு அப்படிப் போனது. எழுத்து 11 பாயிண்ட், அது என் தப்பும்தான், ஐம்பது வயசுக் கண்டக்டர் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை, 14-க்குக் குறையாமல் போடுங்கள்.

கடைக்கு மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இரண்டாவது தடவை நான் போனபோதே அண்ணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்து நிழலில் போட்டு, புரூஃபை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார், யாரும் சொல்லாமலே. உள்ளே மெஷின் சூடு அதிகம், எங்களைப் போன்றவர்கள் காலை பதினொரு மணிக்குள் போய்விடுவது நல்லது.

கார்டு வேலை செய்கிறதா? மூன்று மாதத்தில் பதினேழு கொடுத்திருக்கிறேன். பதினான்கு தடவை உட்கார இடம் கிடைத்தது. ஒரு கடைக்காரர் படிக்காமலே சில்லறையை நீட்டினார், நான் கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை. இன்னொருவர் படித்துவிட்டு வேப்பெண்ணெய் வைத்தியம் சொன்னார். ஐந்து ரோடு சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் படித்துவிட்டு, கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டு, தன் அக்காவுக்கும் இதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என்ன ஆனது என்று தெரியவில்லை, அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். குளிரில் எனக்கு வெயில் தொல்லை இல்லை, ஆனால் கால் கட்டை போல விறைத்துக்கொள்ளும், அதுவும் இந்த நோயில் உண்டு. வளைவுகளில் தலை சுற்றி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி மகளோடு பையை எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெரியவர் என்னையே பார்த்தார். கார்டை நீட்டினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முழுசாகப் படித்தார், பெஞ்சில் இருந்த பன் தட்டை எடுத்துவிட்டு என்னை உட்கார வைத்தார், கேட்காமலே மிளகு போட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தார். அப்புறம் கார்டைத் திருப்பிப் பின்பக்கமும் படித்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். "எல்லாம் போட்டிருக்குது, உங்க பேரக் காணமே. பேரு என்னங்க தம்பி?"

நாலு மாதம் எழுதி, ஏழு தடவை திருத்தி, நாலு பேர் படித்து, அண்ணன் படித்து, தங்கை அடித்து, சத்தமாக வாசித்தும் காட்டியிருக்கிறேன். ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை குகைக்குப் போனேன். அண்ணனிடம் சொன்னதும் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். இப்போது முதல் வரியில் என் பெயர் மட்டும், 16 பாயிண்டில். அதற்குக் கீழே "எனக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய் இருக்கிறது", 'குடித்திருக்கவில்லை' தனி வரியாக, மற்ற வாசகமெல்லாம் பழையபடி, எழுத்து மட்டும் 11-க்குப் பதில் 14-இல். லேமினேஷனுக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டையிலேயே அடிக்கலாம் என்றார், நூற்றுக்கு 650 ஆகிறது, ஐம்பது போதும் என்று சொல்லியிருக்கிறேன். டீச்சரும் சின்னவளும் பெயர் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஏற்காட்டு அக்கா வேண்டாம் என்றார், அவருக்குப் பழைய கார்டே மறுபடி அச்சாகிறது. புரூஃபைச் சந்து நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.